குவைத் என்று எழுதிய மனு

எங்கள் வீட்டை ஒட்டிய வாடகை அறைகளில் கடைசி அறையில் குடியிருந்தவள் செல்லக்கனி. நாங்குநேரிப் பக்கத்துப் பெண். ஒரகடத்தில் காருக்கு ஒயர் கட்டும் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. கணவன் பேச்சிராஜ் குவைத்தில் ஓட்டல் சமையல்காரன் என்று எங்கள் ஊர் சேரப்பணஞ்சேரியே நம்பியது. போன் எங்கள் வீட்டில் இருந்ததால் எனக்கு மட்டும் உண்மை தெரியும். அவன் இருந்தது இராக்கில். அமெரிக்காவோடு சேர்ந்து படை அனுப்பிய ஒரு சின்ன நாட்டின் முகாமில் சோறாக்கினான். நம் ஆட்கள் அங்கே போகக் கூடாது என்று அரசு தடுத்திருந்த நேரம். வெளியே தெரிந்தால், திரும்பி வந்ததும் அவனைப் பிடித்துப் போடுவார்கள் என்று பயந்தாள்.

2004 அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போன் வந்தது. என் மாமியார் கோவிந்தம்மா வாசலில் நின்று குரல் கொடுத்தார்.

“செல்லக்கனி! உன் குவைத்து ராசா லைன்ல கீறாரு. சீக்கிரம் வா, வெச்சிடப் போறாரு!”

தலையில் எண்ணெயோடு ஓடிவந்தாள். அவன் கத்திப் பேசியது அடுப்படிவரை கேட்டது.

“இங்க பட்டாளத்தானெல்லாம் டிவியப் பாத்துக் கொதிச்சுக் கெடக்கான். அமெரிக்காவுல ஜனாதிபதி எலெக்சன்ல நிக்கவரு, கூட வந்த சின்ன நாட்டுக்காரனெல்லாம் கூட்டாளியே இல்ல, சும்மா பேருக்கு வந்தவன்னு பேசிட்டாராம். போன மாசந்தான் இவனுகள்ல ரெண்டு பேரு செத்தானுக. நேத்து ஒருத்தனும் சாப்பிடல.”

“அதுக்கு நீங்க என்ன செய்ய? நீங்க சோத்த ஆக்குங்க.”

“கேளுட்டி. அவனுக ஊருக்குக் கெளம்புதானுகளாம். அவனுக போனா இங்க அடுப்பே கெடையாது. எங்கள வடக்க, சண்ட நடக்க கேம்ப்புக்கு மாத்துதேங்கான் ஏஜென்ட். மாட்டேன்னா பாஸ்போர்ட் தரமாட்டானாம். ரெண்டு வாரந்தான் இருக்கு.”

போனை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள்.

“எங்க கம்பெனி வாசல்ல ஒரு போர்டு இருக்குக்கா. விபத்து இல்லாம இத்தன நாள்னு. எங்கூட வேல பாத்த ஜாஸ்மினுக்கு மிஷின்ல விரல் போச்சு. மறுநாளும் அதுல ஒண்ணு கூடத்தான் செஞ்சுது. கான்ட்ராக்ட் ஆளு கணக்குல வராதாம். இவுகளும் அங்க அப்படித்தான்க்கா.”

காஞ்சிபுரம் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு வாங்குவார்கள். பேச்சிராஜை ஊருக்கு மீட்டுத் தரச் சொல்லி அன்று ராத்திரியே நான் மனு எழுத உட்கார்ந்தேன். எட்டாவதோடு நின்றவள்தான், ஆனால் கையெழுத்து புரியும்படி இருக்கும். எந்த நாடு என்று கேட்டேன்.

“குவைத்துன்னே போடுங்கக்கா. ஆளு வந்து சேரட்டும், பொறவு பாத்துக்கிடலாம்.”

தப்பு என்று தோன்றியது. ஆனாலும் அப்படியே எழுதினேன். மறுநாள் போய் மனுவைக் கொடுத்துவிட்டு வந்தோம்.

அடுத்த திங்கட்கிழமை என்ன ஆயிற்று என்று கேட்கப் போனோம். குமாஸ்தா காகிதத்தைப் புரட்டினார்.

“குவைத்தா? அங்க இன்னா சண்டையா நடக்குது? இன்னாத்துக்கு அவசரம்? வரிசைப்படிதான் போவும்.”

செல்லக்கனி என் கையைப் பிடித்தாள்.

“குவைத்து இல்ல சார். இராக்குலதான் இருக்காவ.”

“அப்போ இது பொய் மனுவா? புதுசா எழுதிகினு அடுத்த வாரம் வா.”

சனிக்கிழமை மத்தியானம் பேச்சிராஜ் பேசினான். அரை நிமிடம்தான். “வண்டியில ஏத்துதானுக. எங்கன்னு சொல்லல” என்றான். போன் அறுந்தது. வெகுநேரம் அவள் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

மூன்றாவது திங்கட்கிழமையும் அவள் லீவு கேட்டதற்கு, இனி வேலைக்கு வரவே வேண்டாம் என்று கம்பெனி சூப்பர்வைசர் கேட் பாஸை வாங்கிக்கொண்டான். அன்றும் காஞ்சிபுரம் போனோம். புது மனுவில் இராக் என்று பெரிதாக எழுதியிருந்தேன்.

“எந்த கேம்ப்பு?” என்றார் குமாஸ்தா.

“தெரியாது சார்.”

“தெரியாத எடத்துலேர்ந்து யாரம்மா கூட்டிகினு வருவாங்க? விசாரிச்சிட்டு வா. அடுத்து யாரு?”

பின்னால் நின்றவர்கள் முண்டினார்கள். செல்லக்கனி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நகராமல் நின்றாள்.

“அவுக பேரு இருக்குல்லா சார். அதையாவது எழுதிக்கிடுங்க.”