சொந்தக்கார் வண்டி

அந்தப் படத்தில் நான் ஒரு காரின் மட்கார்டில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறேன். பார்க்கிறவர்களுக்கு நான் சிரிப்பது போலத் தோன்றும். அது சிரிப்பில்லை, சூடு. வெயிலில் ஒரு மணி நேரமாக நின்ற வண்டி அது, உள்ளங்கை பொரிந்துகொண்டிருந்தது. "கையை எடுக்காதே, இப்ப எடுத்துருவேன்" என்று அண்ணன் பெட்டிக் காமிராவுக்குள் குனிந்தபடியே சொல்லிக்கொண்டிருந்தான். நூற்றுக்கணக்கில் கார்களைப் படம் எடுத்தவன் அவன். அவற்றில் மனுஷர் நிற்கிற படம் இது ஒன்றுதான். இதையும் அவன் மனம் ஒப்பி எடுக்கவில்லை.

ஐம்பதுகளில் மட்டாஞ்சேரி கடைத்தெருவுக்குள் ஒரு கார் நுழைந்தால் அது ஒரு சம்பவம். மிளகு மூட்டை ஏற்றிய கைவண்டிகள் ஒதுங்க இடமில்லாமல் திணறும். நடந்து போகிறவர்கள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வார்கள். கொச்சங்காடியில் ஒரு மிளகுக் கிடங்கில் மூட்டைகளுக்குக் குறிபோடும் வேலை பார்த்த அண்ணன், ஹாரன் சத்தம் கேட்டால் குறிபோடும் மையையும் தூரிகையையும் அப்படியே வைத்துவிட்டு வாசலுக்கு வந்துவிடுவான். ஞாயிற்றுக்கிழமைகளில் காமிராவும் கையுமாக அரண்மனை வாசலில் போய் நிற்பான். மஞ்சள் துணியால் வண்டியைத் துடைத்துக்கொண்டிருக்கும் டிரைவர்களிடம், "சேட்டா, ஒரு படம் எடுத்தோட்டே?" என்று மலையாளத்தில் கெஞ்சுவான். முதலாளியைக் கேட்டால் மறுத்துவிடுவார், டிரைவர் மறுக்கமாட்டார் என்பது அவன் கண்ட ரகசியம்.

பளபளக்கிற பெரிய வண்டிகள்மீது மட்டும்தான் அவனுக்கு ஆசை என்று நினைத்துவிட வேண்டாம். பானெட்டைத் திறந்து போட்டுக்கொண்டு ஆவி விடும் வாடகைக் கார், டயர் பஞ்சராகி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிற கார், உப்புக் காற்றில் கதவின் அடிப்பக்கம் செதில் செதிலாகத் துருப்பிடித்த கார், எல்லாம் அவனுக்கு வேண்டும். கும்பளங்கிப் பக்கம் போகிற ஒரு காரை இரண்டு வள்ளங்களைச் சேர்த்துக் கட்டிப் பலகை போட்டு அக்கரைக்குக் கொண்டுபோனதை எடுத்திருந்தான். அந்தப் படத்தில் டிரைவர் உள்ளேயே உட்கார்ந்து, பிரேக்கை மிதித்தால் வள்ளம் நின்றுவிடும் என்பது போல முகத்தை இறுக்கிக்கொண்டிருப்பார். வெளியே வண்டியோடு சேர்ந்து யாராவது நிற்க வந்தால் மட்டும் அண்ணனுக்குக் கோபம் வந்துவிடும். "ஆள் நின்னா ஆளைத்தான் பாப்பாங்க. வண்டி பாவமில்லையா?" என்பான். உனக்குப் பெண் பார்க்கும்போது நாலு சக்கரத்தோடு பார்க்க வேண்டும் என்று நான் அவனைச் சீண்டுவேன்.

ஆனால் பார்க்க வேண்டி வந்தது எனக்கு மாப்பிள்ளை. இரண்டு சம்பந்தங்கள் கைகூடி வந்து நழுவிப்போயிருந்தன. எனக்கு இருபத்து மூன்று வயதாகிவிட்டது. அந்தக் காலத்தில் அது வீட்டில் எல்லோருடைய தூக்கத்தையும் கெடுக்கிற வயது. மூன்றாவதாகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு இடம் வந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். "மலையாளத்துப் பெண் என்று இங்கே தயங்குகிறார்கள். பெண்ணுக்குத் தமிழ் பிழையறத் தெரியுமானால் மேற்கொண்டு பேசலாம். புகைப்படம் அனுப்பவும்" என்று எழுதியிருந்தார். தரகர் எங்களைக் கேட்காமலேயே, பெண் தமிழில் புலி என்று பதில் சொல்லிவிட்டிருந்தார்.

புலி மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தது. மட்டாஞ்சேரியில் குடியேறிய தமிழ்க் குடும்பம் எங்களுடையது; தமிழ் வாசிக்க வரும், வீட்டில் அப்பா சொல்லிக்கொடுத்திருந்தார். எழுதுவதென்றால் மட்டும் காதில் விழுவதைத் தமிழ் எழுத்தில் போட்டுவைப்பேன். அண்ணன் என்னைவிட மோசம்.

எறணாகுளம் பிராட்வேயில் ஜவுளிக்கடை வைத்திருந்த சித்தப்பா, அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி, அந்த வாரம் தன் காரில் எங்களைப் பார்க்க வந்தார். பழைய கார்தான், பச்சை நிறம். அதன் பக்கத்தில் என்னை நிற்கவைத்து எடுக்கும்படி அப்பா சொன்னார். அண்ணன் முறுக்கிக்கொண்டான். "சுவரோரமா நிறுத்தி எடுக்கலாமே, வண்டி எதுக்கு?" என்று இரண்டு தரம் கேட்டான். சுவர் முழுக்கப் பாசியும் உப்பும் பூத்துக் கிடந்தது. கடைசியில் எனக்காக அவன் தன் கொள்கையை விட்டான்.

அப்பாவுக்குக் கண்ணில் புரை. கடிதத்தை அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். எல்லாம் எழுதி முடித்த பிறகு அவருக்கு ஒரு உறுத்தல். "படத்தைப் பாத்துட்டு நமக்குக் கார் இருக்குன்னு நெனச்சிடக் கூடாது மோளே. சொந்தக்காரர் வண்டின்னு ஒரு வரி சேத்துக்கோ" என்றார். சேர்த்தேன். "படத்தில் காண்பது சொந்தக்கார் வண்டி" என்று எழுதினேன்.

மலையாளத்தில் உறவினர்களைச் சொல்வது அப்படித்தான், சொந்தக்கார். நாங்கள் வீட்டில் பேசுவதும் அப்படித்தான். வாசித்துக் காட்டினேன், அப்பாவின் காதில் சரியாகவே விழுந்தது. திருநெல்வேலியில் ஒரு தமிழாசிரியர் அதைச் சொந்தக் கார் வண்டி என்று பிரித்துப் படிப்பார் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. உண்மையைச் சொல்வதற்காகச் சேர்த்த வரி அது. ஒரு 'ர' விட்டுப்போனதில் அது பொய்யாகிவிட்டது.

பெண் பார்க்க வந்தார்கள். பெரியவர் என்னிடம் ஒரு பத்திரிகையை நீட்டி ஒரு பத்தி வாசிக்கச் சொன்னார், தடங்கலில்லாமல் வாசித்தேன். முகம் மலர்ந்தது. சாயா குடித்து முடித்துவிட்டு, வாசலை எட்டிப் பார்த்தபடி சாதாரணமாகத்தான் கேட்டார். "பிளசரு எங்க நிக்கி?"

பிளசர் என்று அவர் காரைத்தான் சொல்கிறார் என்பது எங்களுக்குப் புரியவில்லை. அவர் பையிலிருந்து கடிதத்தை எடுத்து அந்த வரியில் விரலை வைத்தார். "சொந்தக் கார் வண்டின்னு எழுதியிருக்கியளே?"

என்ன நடந்திருக்கிறது என்பது முதலில் அண்ணனுக்குத்தான் புரிந்தது. எழுத்துப் பிழை என்று சொல்லியிருந்தால் கார் விஷயம் அந்த நிமிஷமே தீர்ந்திருக்கும். ஆனால் யார் எழுதியது என்று அடுத்த கேள்வி வரும். பெண் எழுதியது என்றால் தமிழ் தெரியாத பெண். அண்ணன் எழுதியது என்றாலும், ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த தங்கைக்கு மட்டும் எப்படித் தமிழ் தெரியும்? என்னைப் பெரியவர் ஒரு வரி எழுதச் சொன்னால் கதை முடிந்தது. அண்ணன் எழுந்து நின்றான்.

"நான்தான் எழுதினேன். அப்பா சொந்தக்காரர் வண்டின்னுதான் சொன்னார். காரிருக்குன்னா நீங்க மதிப்பீங்களேன்னு நானா மாத்தி எழுதிட்டேன். வேணும்னுதான் செஞ்சேன்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். மகன் செய்ததற்காகக் கூசுகிறார் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நான் உள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாய் திறக்க எனக்கு நேரம் இருந்தது. பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்து, கடிதத்தை மடித்து, மறுபடி பையில் வைக்கும் வரைக்கும் நேரம் இருந்தது. திறக்கவில்லை.

பெரியவர் கெட்டவரில்லை. அவருக்குப் பொய் ஆகாது, அவ்வளவுதான். பெண்ணைப் பிடித்திருக்கிறது, தகப்பனாரும் யோக்கியர் என்று தெரிகிறது, ஆனால் இந்தப் பையன் கல்யாணத்தில் எந்த முறையும் செய்யக் கூடாது, எங்கள் வீட்டுப் படியும் ஏறக் கூடாது, சம்மதமா என்று கேட்டார். அப்பா அண்ணன் பக்கம் திரும்பினார். "சம்மதம்" என்று சொன்னதும் அண்ணன்தான்.

கல்யாணத்தில் என் கையில் பொரி இட வேண்டியவன் அவன். சித்தப்பா மகன் இட்டான். அண்ணன் வெளியே, வாடகைக்கு வந்த கார்களின் டிரைவர்களோடு நின்றுகொண்டிருந்தான். மணையிலிருந்து பார்த்தால் வரிசையாகக் கார்களின் கூரைகளும் நடுவில் அவன் தலையும் தெரிந்தன. அன்றைக்கு அத்தனை கார்கள் வந்தும் அவன் காமிரா கொண்டுவரவில்லை. ஹோமப் புகையில் நான் அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

பிறந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவனைப் பார்த்தேன். புதிதாக எடுத்த படங்களைக் காட்டுவான், வழக்கம்போலப் பேசுவான். அந்தப் பேச்சை மட்டும் நாங்கள் எடுத்ததில்லை. திரும்பிப் போகும்போது என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் வரை வருவான். அதற்கு மேல் வரமாட்டான். மாமனார் இருக்கும் வரை என்ன செய்ய முடியும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். குழந்தை பிறந்தது. என் தமிழும் தேறிவிட்டது, 'ர' எல்லாம் அதனதன் இடத்தில் உட்கார்ந்தது. இனி சொன்னால் என்னை யாரும் திருப்பி அனுப்பப் போவதில்லை என்று நன்றாகத் தெரிந்த பிறகும் நான் சொல்லவில்லை. அதற்குள் பிழையைவிட, அதை மறைத்த வருஷங்களைச் சொல்வதுதான் பயமாகிவிட்டிருந்தது.

எட்டாவது வருஷம் மாமனார் காலமானார். காரியங்கள் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப்போன மறுநாள் காலை, என் கணவர் பந்தல் கழிகளை எண்ணிக்கொண்டிருந்தார். நான் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அந்தக் கடிதம் நான் எழுதியது, பொய் இல்லை பிழை, அண்ணன் அப்படிச் சொன்னது என்னைக் காப்பாற்றுவதற்காக. சொல்லிவிட்டு அவர் கோபத்துக்காகக் காத்திருந்தேன்.

"தெரியும்" என்றார்.

அவர் கையிலிருந்த கழியைக் கீழே வைத்தார். "பிரசவத்துக்குப் போயிருந்தப்ப நீ ஒரு கடுதாசி போட்டேல்லா? 'அடுத்த வீட்டுக்கார் வந்து பார்த்தார்கள்'னு எழுதியிருந்தே. கார் எப்படிப் பிள்ளையைப் பாக்கும்னு சிரிச்சேன். அப்புறந்தான் உறைச்சுது. கையெழுத்தும் அதே கையெழுத்து. அப்பா கண்ணுல படாம அதைக் கிழிச்சுப் போட்டேன்."

"ஏன் என்கிட்ட கேக்கலை?"

"பிள்ளையைப் பாக்க உங்க வீட்டுக்கு வந்தப்ப உங்க அண்ணன்கிட்டப் பேசினேன். அப்பாகிட்டச் சொல்லிச் சரிபண்ணிருதேன்னேன். 'வேண்டா, அவளே சொல்லுவா. அதுவரைக்கும் நீங்க கேக்கண்டா'ன்னுட்டாரு. நீ சொல்லுவேன்னு ரெண்டு பேரும் இருந்தோம்."

அவர் மறுபடியும் கழிகளை எண்ண ஆரம்பித்தார். எனக்கு அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, அண்ணன்மேலும் வந்தது. அந்த ஆத்திரம் மத்தியானம் வரைகூட நிற்கவில்லை. எட்டு வருஷமாக அந்த வாசலை மறித்துக்கொண்டிருந்தது நான்தான்.

வீட்டுக்கு வரச்சொல்லி அன்றே அண்ணனுக்கு எழுதினேன். அடுத்த மாதம் அண்ணன் வந்தான். படியேறும்முன் ஒரு நொடி நின்று, செருப்பைத் தேவைக்கு மேல் நேராக வைத்தான். உள்ளே வந்து உட்கார்ந்ததும் மன்னிப்புக் கேட்க நான் வாயைத் திறந்தேன். "பஸ்ஸில் என்ன கூட்டங்கிறே, வெள்ளம் குடு" என்றான். தண்ணீர் கொண்டுவரப் போனேன். திரும்பி வந்தபோது குழந்தை அவன் மடியில் இருந்தது, பேச்சு வேறெங்கோ போயிருந்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவன் மூன்று நாள் இருந்தான். அதற்குப் பிறகு இருபது வருஷம் வந்து போய்க்கொண்டிருந்தான். நான் சொல்லவே இல்லை.