மண்ணெண்ணெய்த் தகரத்துச் சோறு

என் வீட்டுச் சுவர் நீலம். ரப்பர் தோட்டத்தில் மற்ற எல்லாச் சுவரும் வெள்ளை. வருஷத்துக்கு ஒரு தடவை தோட்டத்தில் சுண்ணாம்பு கொடுப்பார்கள், லயம் என்கிற வரிசை வீட்டில் அவரவர் அறைக்கு அவரவர் அடித்துக்கொள்ள வேண்டும். அந்த வருஷம் துணிக்குப் போடும் நீலத்தில் ஒரு கை அள்ளிச் சுண்ணாம்பில் கரைத்து அடித்துவிட்டேன். கெட்டிப்பால் டின்னில் சுற்றியிருக்கும் தாளைக் கிழியாமல் உரித்து, கஞ்சி தடவி, சேலைக்குக் கரை மாதிரி சுவர் நெடுக ஒட்டினேன். பிஸ்கோத்து டின் மூடி ஒன்றைச் சாம்பல் போட்டுத் தேய்த்து வாசலுக்கு எதிரே ஆணியடித்து மாட்டினேன். வெயில் அதில் பட்டால் அறை முழுக்க வெளிச்சம். மரத்தில் பால் வெட்டிவிட்டு உடம்பெல்லாம் ரப்பர் நாற்றத்தோடு திரும்பி வந்து அந்த வாசலில் நிற்கும்போது எனக்கு ஒரு திமிர் வரும். அந்தத் திமிர் எனக்குப் பிடித்திருந்தது.

ஈப்போவிலிருந்து கோலா கங்சார் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி இருந்தது எங்கள் தோட்டம். எங்களையெல்லாம் கப்பலேற்றிக் கூட்டிவந்தது ஒரே கங்காணி. அதனால் எங்கள் வீட்டுக்குள் நடக்கிற எல்லாவற்றிலும் தனக்குப் பாத்தியதை உண்டு என்பது அவர் நினைப்பு. சுவரைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

“யாரைக் கேட்டு நீலம் அடிச்சே? லயம் தொரையோடது.”

“வெள்ளையா இருந்தா நசுக்குன மூட்டப்பூச்சி ரத்தமெல்லாம் தெரியுது கங்காணி. தொரை பங்களாவுல மூட்டப்பூச்சி இல்ல. அவரு வெள்ளையாவே வச்சுக்கட்டும்.”

அவர் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரர்தான் பின்னால் நின்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

என் மகளுக்குக் காது குத்த நாள் பார்த்தபோது இந்தக் கோபம் அவர் மனதில் அப்படியே இருந்தது. எங்கள் தோட்டத்தில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் பெரிய பாத்திரம் கங்காணி வீட்டிலிருந்துதான் வரவேண்டும். அண்டா, குண்டான், சோறு வடிக்கும் தட்டு எல்லாம் அவரிடம்தான் இருந்தன. வாங்கினால் முதல் இலை அவருக்கு. யார் எந்தப் பந்தியில் உட்காரலாம் என்பதும் அவர் சொல்படி. நானும் கேட்கப் போனேன்.

“யாரையெல்லாம் கூப்பிட்டிருக்கே?” என்றார்.

சொன்னேன். கடைசியாக, கடைசி லயத்து மருத்துவச்சியையும் சொன்னேன்.

“அவளுக்கு வாய்க்காலுக்கு அந்தாண்ட குடுத்துவிடு. எப்பவும் அப்படித்தான்.”

கடைசி லயத்து ஆட்களோடு மற்ற லயத்து ஆட்கள் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள். ஊரில் இருந்த சாதி கப்பலில் எங்களோடுதான் வந்தது. ஆனால் என் மகள் கால் முன்னால் வந்து பிறந்தவள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸர் மழை என்று சொல்லி வரவில்லை. அந்த மழையில் நனைந்துகொண்டு வந்து இரண்டு உயிரையும் காப்பாற்றியது அந்த மருத்துவச்சி. அவள் கையில் பிறந்த பிள்ளைக்குக் காது குத்தும்போது அவளை வாய்க்காலுக்கு அந்தாண்டை உட்காரவைக்க என்னால் ஆகாது.

“மொத பந்தியில உக்காருவாங்க” என்றேன்.

“அப்ப என் அண்டா வராது.”

“வராட்டி போகட்டும்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வரும் வழியில்தான் யோசித்தேன், நூறு பேருக்கு எதில் சோறு வடிப்பது என்று. என் வீட்டில் இருந்த பெரிய பானையில் எட்டுப் பேருக்குத்தான் ஆக்கலாம்.

சீனன் கடையில் சும்மா கிடந்த மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றை வாங்கி வந்தேன். நாலு மூலைத் தகரம், மேல்பக்கத்தை வெட்டினால் அண்டா போலத்தான். நாற்றம்தான் தாங்கவில்லை. சுட்டு எடுத்தால் போய்விடும் என்று வெறும் தகரத்தை அடுப்பில் வைத்துத் தீயை மூட்டினேன். கொஞ்ச நேரத்தில் ஈயம் உருகிச் சொட்டியது. ஒட்டெல்லாம் விட்டு, அடித்தகடு தனியே அடுப்பில் விழுந்தது.

“தகரத்துக்கே உன் வீம்பு தாங்கல” என்றார் என் வீட்டுக்காரர்.

மறுநாள் பால் வெட்டி முடித்து வரும்போது மருத்துவச்சி வழியில் என்னைப் பிடித்துக்கொண்டாள். விஷயம் அதற்குள் கடைசி லயம் வரை போயிருந்தது.

“ஏ தங்கச்சி, வெறுந் தகரத்தையா அடுப்புல வச்சே? ஈயம் உருகாம என்ன செய்யும்?” என்று சிரித்தாள். “சாம்பத் தண்ணி ஊத்தி ரெண்டு நாள் கொதிக்க வைக்கணும். அப்புறம் புளித் தண்ணி. நாத்தம் போயிரும். உள்ள தண்ணி இருக்கிற வரைக்கும் ஈயம் உருகாது. தீ அடியில மட்டுந்தான் இருக்கணும், பக்கத்துல ஏறக்கூடாது.”

“உனக்கு எப்படிக்கா தெரியும்?”

“நாங்க எத்தன கல்யாணத்துக்கு இதுல வடிச்சிருக்கோம்.”

“எப்ப?”

“எப்பவுந்தான். உங்க கங்காணி அண்டா எங்க பக்கம் எப்ப வந்துச்சு?”

எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. இந்தத் தோட்டத்துக்கு வந்து ஏழு வருஷம், விடியற்காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் ஒரே பிரட்டில் நின்று பேர் கொடுத்தோம். ஒரே ஓடையில் துணி துவைத்தோம். அந்த லயத்தில் எதில் சோறு ஆக்குகிறார்கள் என்று நான் ஒரு தடவையாவது எட்டிப் பார்த்ததில்லை. கங்காணியைத் திட்ட என்னிடம் நிறைய வார்த்தை இருந்தது. என்னைத் திட்ட அப்போது ஒன்றும் கிடைக்கவில்லை.

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். “எனக்கு மொத பந்தியில எலைன்னு எல்லாருகிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியிறியாமே. என்னைக் கேட்டியா?”

“கேக்கல.”

“நான் வந்து ஒக்காந்து, மத்தவங்கள்லாம் எந்திரிச்சுப் போனா அசிங்கம் யாருக்கு? உனக்கா?”

“வருவியா மாட்டியாக்கா?” என்று மட்டும் கேட்டேன்.

“எங்கிட்ட ஏழு தகரம் இருக்கு. எடுத்துட்டு வாரேன். அப்புறம் பாக்கலாம்.”

காது குத்தும் நாள் விடிந்ததும் வாய்க்கால் ஓரத்தில் ஏழு அடுப்பு வெட்டினோம். நாலு தகரத்தில் ரங்கூன் அரிசி, இரண்டில் பூசணிக்காய் போட்ட சாம்பார், ஒன்றில் ஜவ்வரிசிப் பாயசம். பாயசம் கெட்டியானால் தகரத்தின் ஈய ஒட்டு விட்டுவிடும் என்று அவள் பக்கத்திலேயே நின்று தண்ணீராகவே வைத்துக்கொண்டாள். நான் வளர்த்த கோழிகளைச் சட்டிகளில் குழம்பு வைத்தேன். மலாய்க்காரர் கிராமமான கம்போங்கிலிருந்து தென்னங்குருத்து வாங்கி வந்து வாசலில் தோரணம் கட்டினேன். நீலச் சுவருக்கு முன்னால் அந்த வெளிர் குருத்து தொங்கியதைப் பார்த்து நானே கொஞ்ச நேரம் நின்றேன். அதைவிட அழகான வீடு அன்றைக்குப் பேராக்கில் இல்லை என்று இப்போதும் சொல்வேன்.

ஆசாரி வந்து காது குத்தினார். பிள்ளை அழுதாள், ஓய்ந்தாள். வராந்தாவில் இலை போட்டேன். முதல் இலையில் மருத்துவச்சி உட்கார்ந்தாள். வேறு யாரும் உட்காரவில்லை. எல்லோரும் வாசலில் நின்று காலை மாற்றி மாற்றி வைத்தார்கள். அந்த நேரம் பார்த்துக் கோட்டு போட்டு, குடை பிடித்துக் கங்காணி வந்தார்.

“மொத எலை யாருக்கு?” என்றார்.

“உக்காந்திருக்கவங்களுக்கு. பக்கத்துல எடம் இருக்கு, நீங்களும் உக்காருங்க.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. நின்றவர்களைப் பார்த்து, “நான் போறேன். வர்றவங்க வரலாம்” என்றார். திரும்பி நடந்தார். முக்கால்வாசிப் பேர் பின்னாலேயே போனார்கள். பக்கத்து அறைக்காரியும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனாள். கோழிக்குழம்பு வாசத்துக்கு அந்தப் பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்தன.

மருத்துவச்சி எழுந்திருக்கத் தரையில் கை ஊன்றினாள். அவள் சொன்னபடிதான் நடந்தது. என் வீம்புக்கு அவளை உட்காரவைத்து அசிங்கப்படுத்திவிட்டேன்.

அப்போது என் வீட்டுக்காரர், யாரையும் எதிர்த்துப் பேசத் தெரியாத மனுஷன், அவள் பக்கத்து இலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இலையில் தண்ணீர் தெளித்தார்.

“பசிக்குது. சோத்தப் போடு” என்றார்.

மருத்துவச்சி ஊன்றிய கையை எடுத்துக்கொண்டாள். “நல்லா நெறையப் போடு. வடிச்சவளுக்கும் பசிக்குது” என்றாள். அதற்குப் பிறகு நின்றவர்களில் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். நாலு பந்தி என்று நினைத்திருந்தேன், ஒரு பந்தி நடந்தது. சோற்றில் மண்ணெண்ணெய் வாசம் துளி இல்லை.

மிச்சச் சோற்றைத் தகரத்தோடு கம்பில் மாட்டிக் கடைசி லயத்துக்குத் தூக்கிப்போனோம். இரண்டாம் பந்தி அங்கே நடந்தது. நான் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டேன். ஏழு வருஷத்தில் முதல் தடவை.

அடுத்த வாரம் கங்காணி எங்கள் இரண்டு பேருக்கும் மலைக்காட்டில் கிழட்டு மரங்கள் நிற்கும் நிரையைப் பால் வெட்டக் கொடுத்தார். ஏறி இறங்க முட்டி தேய்ந்தது. சுவரை வெள்ளை அடிக்கச் சொல்லி ஆள் அனுப்பினார். நான் அடிக்கவில்லை.

சில மாதம் கழித்துப் பக்கத்து அறைக்காரி வந்தாள். அவளுக்குக் கங்காணி வீட்டோடு ஏதோ சண்டை, வயசுக்கு வந்த பெண்ணுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், அண்டா கிடைக்காது.

“தகரம் வேணும் அக்கா” என்றாள்.

“எங்கிட்ட இல்ல. கடைசி லயத்துல இருக்கு, போய்க் கேளு. கேட்டா குடுப்பாங்க. ஆனா அவங்களுக்கும் எலை போடணும்.”

“அவங்க அப்படிச் சொன்னாங்களா?”

“அவங்க சொல்லல. நான் சொல்றேன்.”

இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் ஓடைப் பக்கமாகக் கடைசி லயத்துக்கு நடந்து போனதைப் பார்த்தேன். விசேஷத்தன்று இலை போட்டாளா என்று பார்க்கவே நான் போனேன். போட்டிருந்தாள், பந்தியின் கோடியில், மற்ற இலைகளிலிருந்து ஒரு முழம் தள்ளி. நான் குனிந்து அந்த இலையை எடுத்து நடுவில் போட்டுவிட்டு, அதற்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தேன்.