அம்மாவின் பெயர் எழுதிய கதிரை

“கொம்மாவோட கிடந்தா, கையெழுத்து வைக்கிறதுக்கு மேல நீ படிக்கமாட்டாய்.”

வாடகை வானின் கதவை இழுத்துச் சாத்துவதற்கு முன் பெரியம்மா என்னிடம் சொன்னது இது. எனக்கு அப்போது பத்து வயது. பெரியம்மாவும் நாலாம் வகுப்போடு நின்றவர்தான். ஆனாலும் கனடாவில் இருப்பவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினேன்.

கிளிநொச்சியில் ஒரு வாய்க்கால் கரையில் எங்கள் வீடு. அப்பா இல்லை. அம்மா சட்டை தைத்து என்னை வளர்த்தார். அப்பாவின் அண்ணனான பெரியப்பாவும் பெரியம்மாவும் கனடாப் பிரசைகள், பிள்ளைகள் இல்லாதவர்கள். என்னைக் கூட்டிப்போவதற்காக, தங்களைச் சட்டப்படி என் பாதுகாவலர்களாக்கும்படி நீதிமன்றத்தில் கேட்டிருந்தார்கள். அம்மாவும் சம்மதித்திருந்தார். எங்கள் கூரைக்குத் தகரம் போட்டுத் தந்த பெரியப்பாவின் முகத்துக்கு நேரே அவரால் வேறென்ன சொல்லியிருக்க முடியும்? அன்றைக்கு நான் இதையெல்லாம் யோசிக்கவில்லை. கனடாவுக்குப் போகப்போகிறேன் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி, என் கலர்ப்பெட்டியையும் குடையையும் தோழிகளுக்குக் கொடுத்தும் முடித்திருந்தேன்.

வீட்டைப் பார்த்து நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுக்க நன்னடத்தை அலுவலர் ஒருவர் வரப்போவதாகத் தெரிந்தது. பெரியப்பாவுக்கு யாரோ புத்தி சொல்லியிருந்தார்கள்.

“வெளிநாட்டுக்காரரிட்டப் பிள்ளையைச் சும்மா தூக்கிக் குடுக்கமாட்டினம். தாய்க்கு வளர்க்க ஏலாது எண்டதை அவை கண்ணால காணவேணும்,” என்றார் பெரியப்பா.

ஆகவே எங்கள் வீட்டை ஏழையாக்கும் வேலை தொடங்கியது. அதற்கு அவ்வளவு பாடுபடத் தேவையில்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் பெரியப்பா எதையும் திருத்தமாகச் செய்பவர். தையல் மெஷின், காற்றாடி, சின்ன அலுமாரி, இரண்டு கதிரைகள் எல்லாம் பக்கத்து வீட்டு மாமியிடம் போயின.

“என்னடி, கலியாணமோ, திரும்பவும் இடம்பெயர்வோ?” என்று மாமி வேலிக்கு மேலால் கேட்டார்.

நிலம் துடைக்க வைத்திருந்த பழைய சட்டையை எனக்குப் போட்டுவிட்டார்கள். அக்குளில் கிழிசல். சைக்கிளில் போன என் வகுப்புப் பிள்ளைகள் இருவர் படலையடியில் நின்று பார்த்தார்கள். நான் குசினிக்குள் போய் ஒளித்துக்கொண்டேன்.

அலுவலர் நல்ல சேலை கட்டியிருந்தார். உட்கார இடம் தேடினார். பெரியம்மா ஒரு கிழிந்த பாயைக் காட்டினார். அப்போதுதான், காலையிலிருந்து பேசாமல் நின்ற அம்மா என்னைக் கூப்பிட்டார்.

“மாமி வீட்ட ஓடிப்போய்க் கதிரை ஒண்டு எடுத்துக்கொண்டு வா. புதுசு வேண்டாம். பழசு.”

எனக்கு முகம் எரிந்தது. அரசாங்கத்திலிருந்து வந்தவருக்குக் கைப்பிடி வெடித்த கதிரையா? எங்கள் பக்கத்தில் கதிரை, பானை எல்லாம் கலியாண வீட்டுக்கும் செத்தவீட்டுக்கும் இரவல் போகும். பெயர் இல்லாதது திரும்பி வராது. அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அதனால் நான் முதலாம் வகுப்பில் எழுத்துப் படித்ததும் அவர் எனக்குத் தந்த முதல் வேலை, வீட்டுச் சாமானில் எல்லாம் சிவப்புப் பெயின்றால் தன் பெயரை எழுதுவது. புதுக் கதிரை மட்டும் பிறகு வாங்கியது. அதில் ஒன்றும் இல்லை.

அம்மா சொன்னபடி பழையதைத் தூக்கிவந்தேன். அலுவலர் உட்காருவதற்கு முன் அதன் முதுகைப் பார்த்தார்.

“அம்மாவின்ர பேரோ? எழுத்தெல்லாம் சறுக்கி விழுது. ஆர் எழுதினது?”

“நான்தான் மிஸ். அது சின்னனில எழுதினது. இப்ப வடிவா எழுதுவன்.”

“வேற எதில எழுதினீங்கள்?”

யாரும் கேட்காத கெட்டித்தனத்தை ஒருவர் கேட்டுவிட்டார். “தையல் மெஷினில. காத்தாடியில. அலுமாரிக்குப் பின்பக்கம். எல்லாம் மாமி வீட்ட இருக்கு, மிஸ்.”

பெரியப்பா இருமினார். சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. கிழிசலைக் கையால் பொத்திக்கொண்டேன்.

“மெஷின் மாமி வீட்ட என்ன செய்யுது?”

“நான்தான் அதில தைக்கிறனான் மிஸ்,” என்றார் அம்மா. “பள்ளிக்கூடச் சட்டையள். ஓடர் கிடைக்குது.”

அலுவலர் சிரிக்கவுமில்லை, ஏசவுமில்லை. என்னைத் தனியே வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய், யாரோடு இருக்க விருப்பம் என்று கேட்டார். “பெரியம்மாவோட,” என்றேன். கிணற்றடியில் நின்ற அம்மாவுக்கு அது கேட்டிருக்கும்.

தாய் வளர்க்கக்கூடியவர் என்று அறிக்கை போனது. நீதிமன்றம் என்னைக் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகுதான் வான் கதவடியில் பெரியம்மா அப்படிச் சொன்னார். குடையைத் திருப்பிக் கேட்க வெட்கப்பட்டு அந்த மாரி முழுக்க நனைந்தே பள்ளிக்கூடம் போனேன். வாய் காக்காத நான் பாதி கெடுத்தேன், எந்த நேரத்தில் எதைக் கேட்பது என்று தெரியாத அம்மா மீதியைக் கெடுத்தார் என்பதே என் கணக்கு. எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாகப் பல்கலைக்கழகம் போய், பட்டம் எடுத்து, வவுனியா நெளுக்குளத்தில் அறை எடுத்து வேலைக்குப் போகும்வரையும் அந்தக் கணக்கை நான் திருப்பிப் பார்க்கவில்லை.

போன கிழமை வீட்டுக்குப் போனபோது அம்மா இன்னொரு கதிரை வாங்கி வைத்திருந்தார். பெயின்ற் பேணியை நீட்டினார்.

“எழுதிவிடு. பேரில்லாட்டி ஆற்ற கதிரை எண்டு ஆருக்குத் தெரியும்?”

தூரிகையைத் தோய்த்தபோது, அன்றைக்கு அம்மா வேண்டாமென்ற, பெயர் எழுதாத கதிரை நினைவுக்கு வந்தது.

“அம்மா, அண்டைக்கு ஏன் பழசைக் கேட்டனீங்கள்?”

“எண்டைக்கு?” என்றார். கதிரையின் முதுகை என் பக்கம் திருப்பிவிட்டார். “சிந்தாமல் எழுது.”

எழுதினேன். பெயின்ற் காயும்வரை சொல்லிவிடலாம் என்று பக்கத்திலேயே இருந்தேன். பெயின்ற் காய்ந்தது, என் பயணத்தைப் பற்றி நான் சொல்லவில்லை. நோர்வேயில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்து, விசாவும் வந்து, வவுனியாவில் வைத்துப் பயணச்சீட்டும் எடுத்துவிட்டேன்.