இல்லாத புலிக்கு ஒரு ஆமென்

நான் சொன்ன ஒரு பொய்யால் ஒருவருக்கு வேலை போனது. போன வருடம், மைசூரிலிருக்கும் எங்கள் சபையின் முதியோர் குழு சாமராஜநகர் பக்கம் ஒரு புலிகள் காப்பகத்துக்குப் போயிருந்தபோது நடந்தது இது. பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியலோடு நல்லொழுக்கமும் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான்.

காலையில் இரண்டு ஜீப்புகளில் காட்டுக்குள் போனோம். மற்ற ஜீப்பில் இருந்த, ரயில்வேயில் ஓய்வு பெற்ற நண்பர் சிறுத்தையைப் பார்த்துவிட்டார். எங்களுக்கு வாய்த்தது மான்களும் ஒரு மயிலும்தான். மதியம் ரசம் ஊற்றும்வரை அவர் சிறுத்தையை விடவில்லை.

"மான் நம்ம மைசூர் ஜூலயே இருக்கே சார், அதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க?" என்றார்.

மாலையில் மறுபடி காட்டுக்குள் போனபோது மூங்கில் புதர் ஒன்று லேசாக அசைந்தது. "புலி! அதோ!" என்று கத்திவிட்டேன். அங்கே காற்றைத் தவிர ஒன்றும் இல்லை.

ஜீப்பை ஓட்டியவர் அந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்த சோலிகர் பழங்குடிக்காரர், குடும்பஸ்தர். வண்டியை நிறுத்தினார். "நானு நோட்லில்ல சார்" என்று, தான் பார்க்கவில்லை என்பதைக் கன்னடத்தில் சொல்லிவிட்டு, "எங்க இருந்துச்சு?" என்று தமிழில் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி, "வால் தெரிஞ்சுதே!" என்றாள்.

"வாலா? நான் மூஞ்சியையே பாத்தேன்" என்றார் பின் சீட்டில் இருந்த ஒரு அம்மா. "ஆபரேஷன் பண்ணதுலேர்ந்து எனக்குக் கண்ணு பளிச்சுனு தெரியுது."

முகாமுக்குத் திரும்புவதற்குள் ஜீப் முழுக்கப் புலியைப் பார்த்துவிட்டது. இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஜெபித்த போதகர், தம்முடைய கம்பீரமான சிருஷ்டியை எங்களுக்குக் காட்டியதற்காக ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னார். எல்லோரும் ஆமென் என்றோம். ரயில்வே நண்பர் மட்டும் முணுமுணுத்தார். அந்த முணுமுணுப்பு எனக்கு எவ்வளவு இனித்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அப்போது முகாம் மேனேஜர் வந்தார். "எல்லாரும் பாத்த புலிய ஓட்டினவன் மட்டும் பாக்கலையாம். தூங்கிட்டே ஓட்டியிருக்கான் சார்! நாளையிலேர்ந்து வர வேண்டாம்னு சொல்லிட்டேன்."

சாப்பாட்டை விட்டு எழுந்தேன். மேனேஜரைத் தனியாக அழைத்து உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்தார். "அவனைக் காப்பாத்தப் பாக்கறீங்க. பெரிய மனசு சார் உங்களுக்கு. ஆனா ஒரு ஜீப்பே பாத்திருக்கே!"

காலைப் பலகாரத்தின்போது எல்லோர் முன்னாலும் எழுந்து நின்றேன். "நேத்து நான் புலியைப் பாக்கல. பொய் சொன்னேன்."

ஆபரேஷன் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்களுக்குத் தெரியலைன்னா எங்களுக்கும் தெரியாதா?"

என் மனைவி இட்லித் தட்டைக் கீழே வைத்தாள். "நானும் பாக்கல. இவர் இருக்குன்னு சொன்னா எனக்கும் இருக்கிற மாதிரி ஆயிடும். கல்யாணம் ஆனதுலேர்ந்தே அப்படித்தான்."

அதன் பிறகு புலி வேகமாகக் கரைந்தது. முதலில் வால் போனது, பிறகு வரிகள் போயின, கடைசியில் முகமும் போனது. நேற்றைய ஸ்தோத்திரத்தை எப்படித் திரும்ப வாங்குவது என்று போதகர் சற்று யோசித்தார். பிறகு மான்களுக்காக ஒரு முறை ஜெபித்தார். ரயில்வே நண்பர் இன்னும் நான்கு இட்லி வாங்கிக்கொண்டார்.

மேனேஜர் ஓட்டுநரை வரவழைத்து வேலையைத் திரும்பக் கொடுத்தார். நான் ஓட்டுநரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"வேலை வந்துருச்சு, சரி சார். வீட்டுல அவ கேக்கறா, நெஜமாவே தூங்கிட்டியான்னு. அவகிட்ட யாரு சொல்றது?"

அவரோடு அவர்கள் குடியிருப்புக்கு நடந்தேன். ஏற்றம், முழங்கால் கெஞ்சியது. வாசலில் நின்று அவர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"வயசானவங்க. கண்ணு சரியாத் தெரிஞ்சிருக்காது" என்றார் அந்தப் பெண், எனக்காக இரங்கி.

ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். ஆசையாகத்தான் இருந்தது. "இல்லம்மா, கண்ணு நல்லாத்தான் இருக்கு. பெருமைக்காகச் சொன்னேன்" என்றேன்.

அவர் என்னை விட்டுவிட்டுக் கணவரைப் பார்த்தார். அப்போதுதான் அந்த மனிதரின் முகத்தில் சிரிப்பு வந்தது.

உட்கார்ந்த இடத்தில் நான் சொன்ன பொய் எனக்கு முன்பே அந்த வீட்டுக்குள் போயிருந்தது. உண்மையை மட்டும் நானே நடந்து கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது என்பதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.