ஓர் ஆட்டக்காரருக்கு மூன்று பாதி

என் பெரியம்மாவுக்கு மூன்று பிள்ளைகள். நடுமகன் கடிகாரம் பழுதுபார்ப்பவர். கண்ணில் செருகிய பூதக்கண்ணாடியோடு சாப்பிட உட்கார்ந்துவிடுவார், அதனால் உறவுக்கெல்லாம் அவர் லென்ஸ் அண்ணன். கட்டியது என் அத்தை மகளை. முறைப்படி அவள் எனக்கும் வாய்த்திருக்கலாம். அண்ணி வாயைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு அண்ணன்மேல் மரியாதை கூடும்.

அண்ணனுக்குப் போக்கர் பைத்தியம். ஆனால் ஆட வராது. நல்ல சீட்டு வந்தால் காது சிவந்துவிடும். அதைப் பார்த்ததுமே எதிரே இருப்பவர்கள் தங்கள் சீட்டைக் கவிழ்த்து வைத்து விலகிவிடுவார்கள். இரண்டு வருடம் தோற்ற பிறகு அண்ணி சொன்னாள்: "இனிமே நீங்க அந்த மேசையில உக்காந்தா, நான் இந்த வீட்ல உக்கார மாட்டேன்."

அண்ணன் மேசையை விட்டார், ஆட்டத்தை விடவில்லை. நன்றாக ஆடத் தெரிந்தவர்களுக்குப் போட்டியின் நுழைவுக் கட்டணத்தைக் கட்டத் தொடங்கினார். தோற்றால் நட்டம் அண்ணனோடு போகும். ஜெயித்தால் பரிசில் பாதி அவருக்கு. ஆடத் தெரிந்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் கிடைப்பார்கள். ஜெயித்த பிறகு பணத்தோடு வீட்டுக்கு வருகிறவன்தான் கிடைக்கமாட்டான். லாரி ஓட்டும் ஒருவன் ஜெயித்த அன்றே போன் நம்பரை மாற்றிவிட்டான்.

இதற்கிடையே அண்ணனின் வலது கண் மங்கியது. கடிகார வேலை இனி ஆகாது என்றார் டாக்டர். அண்ணியின் தம்பி இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார், எனக்கும் மச்சான். "அத்தான் வந்து ஆணி எடை போடட்டும்" என்று ஆள் அனுப்பினார். மச்சான் கடையில் கைகட்டி உட்காருவதை நினைத்து அண்ணன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அண்ணி இறங்கி வந்தாள்.

"ஒரே ஒரு தடவை. பெரிய போட்டியாப் பாத்துக் கட்டுங்க. நம்பிக்கையான ஆளப் புடிச்சு வந்தீங்கன்னா இந்தத் தொழிலையே பண்ணுங்க. இல்லேன்னா திங்கக்கிழமை ஆணி."

அண்ணன் பிடித்தது எங்கள் தெரு மருந்துக்கடைக்காரரை. மாத்திரையை இரண்டு முறை எண்ணுவார், மீதிச் சில்லறையை மூன்று முறை எண்ணுவார். ஆட்டத்திலும் அப்படித்தான், நிச்சயமில்லாத சீட்டுக்குச் சல்லிக்காசு வைக்கமாட்டார். வேலையில் சுத்தமானவன் எல்லாவற்றிலும் சுத்தம் என்று அண்ணன் முடிவு கட்டிவிட்டார்.

போட்டி ஞாயிற்றுக்கிழமை மதியம், செருப்புக்கடைக்கு மேல்மாடியில். அண்ணனுக்குக் கண் சரியில்லை என்று நானும் போனேன். கயிறு கட்டிய இடத்துக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகள். அங்கிருந்து பார்த்தால் ஆட்டக்காரர்களின் கை தெரியும், சீட்டு தெரியாது.

கொஞ்ச நேரத்தில் ஒன்று கவனித்தேன். மருந்துக்கடைக்காரர் தனக்கு வந்த சீட்டைத் தூக்கிக்கூடப் பார்க்காமல் எல்லாச் சில்லுகளையும் நடுவில் தள்ளினார். சில்லுதான் அங்கே பணம், தீர்ந்தால் வெளியே. இவர் தள்ளுகிறாரென்றால் ஏதோ பெரிய சீட்டு என்று மற்றவர்கள் பயந்து கவிழ்த்துவிட்டார்கள். அடுத்த ஆட்டத்திலும் அப்படியே. மூன்றாவது முறை ஒருவர் துணிந்து எதிர்த்தார். கடைசிச் சீட்டு மருந்துக்கடைக்காரருக்கே சாதகமாக விழுந்தது. சில்லு மலையாகக் குவிந்தது. அவர் முகமோ கசப்பு மருந்து குடித்தது மாதிரி இருந்தது.

அண்ணன் கைதட்டினார். பக்கத்து நாற்காலியில் ஓர் அம்மாவும் தட்டினாள். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள்.

"உங்களுக்குத் தெரிஞ்சவரா?" என்றாள்.

"ஜெயிச்சா பாதி எனக்கும்மா."

"அதெப்படி? பாதி எனக்கு."

"அப்போ அவருக்கு?"

பின்னாலிருந்து கான்ட்ராக்டர் ஒருவர் எழுந்தார். "என்னய்யா பாதி? பாதிக்கு நான்ல கட்டியிருக்கேன்!"

மூன்று பேரிடமும் முழுக் கட்டணம் வாங்கியிருக்கிறார் மனுஷன். தோற்றால் இரண்டு கட்டணம் பையில் மிச்சம். ஜெயித்தால் ஒரு பரிசுக்கு ஒன்றரைப் பரிசு கொடுக்கவேண்டும். அதனால்தான் தோற்க அந்தப் பாடு. இத்தனை வருடம் நிதானமாக ஆடிச் சம்பாதித்த பெயர் தோற்கவிடவில்லை.

இடைவேளை விட்டார்கள். அந்த அம்மா முகம் கழுவப் போனாள். கான்ட்ராக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டார்.

"பெரியவரே, ஆள மடக்கி ஒழுங்கா ஆட வைப்போம். வர்றதுல நீங்களும் நானும் ஆளுக்குப் பாதி. அந்தம்மா தனி ஆளு, என்ன பண்ணிடும்?"

பாதி கிடைத்தால் அண்ணன் மச்சான் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவேண்டாம். எனக்கே அது தெரியும்போது அவருக்குத் தெரியாதா? அந்த அம்மா துப்பட்டாவில் முகம் துடைத்தபடி வந்தாள்.

"அம்மா, இவர் ஒரு வழி சொல்றார். நீங்களும் கேட்டுக்குங்க" என்றார் அண்ணன். கான்ட்ராக்டர் முகம் சுருங்கியது.

அவள் சிரித்தாள். "உங்களை விட்டுடலாம்னு நான் முகம் கழுவப் போறப்பவே இவரு என்கிட்ட சொன்னாருங்க. சொல்லத்தான் வந்தேன், நீங்க முந்திட்டீங்க."

அண்ணன் முந்தாவிட்டால் அவள் சொல்லியிருப்பாளா என்று நான் இன்றும் யோசிப்பது உண்டு. அண்ணன் யோசிக்கவில்லை.

மூவரும் மருந்துக்கடைக்காரரை மாடிப்படியில் பிடித்தார்கள். கான்ட்ராக்டர் சட்டையைப் பிடிக்கப் போனார், அந்த அம்மா அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"தம்பி, மூணு பாதி எந்த ஊர்க் கணக்கு?" என்றார் அண்ணன்.

மருந்துக்கடைக்காரருக்கு வியர்த்தது. "தப்புதாண்ணே. முதல் ரவுண்டுலயே வெளிய வந்துருவேன்னு நெனச்சேன்."

"நாலு பேர், ஆளுக்குக் கால். உனக்கும் ஒரு கால். வெளியில யாருக்கும் தெரியாது. போய் சீட்டைப் பாத்து ஆடு" என்றார் அண்ணன்.

பார்த்தே ஆடினார். மூன்றாவதாக வந்தார், அதற்கும் பரிசு உண்டு. அண்ணனின் கால் பங்கே கட்டிய கட்டணத்தைப்போல மூன்று மடங்கு. அவருக்கு மறுபடி அண்ணன் கட்டணம் கட்டியதில்லை. மாத்திரை மட்டும் அங்கேதான் வாங்கினார், அதில் அவர் ஒருநாளும் குறை வைக்கவில்லை.

வீட்டில் அண்ணி பணத்தைத் தொடவில்லை. "இது கெடக்கட்டும். நம்பிக்கையான ஆள் கெடச்சுதா?"

"ஆட்டக்காரன் கெடைக்கல. என்னோட சேர்ந்து பணம் போட ஒரு பங்காளி கெடச்சாங்க."

"கெடச்சாங்களா? பொம்பளையா?"

"டிரைவிங் ஸ்கூல்."

"நாளைக்கே வரச் சொல்லுங்க. நான் பேசணும்."

திங்கட்கிழமை அந்த அம்மா வந்தாள். இருவரும் சமையலறையில் இரண்டு மணி நேரம் பேசினார்கள். கூடத்தில் நானும் அண்ணனும் காத்திருந்தோம். ஒரு தடவை உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது, அண்ணனுக்குக் காது சிவந்தது. கடைசியில் அண்ணி வெளியே வந்து தம்பிக்குப் போன் போட்டாள்.

"தம்பி, ஆணி எடை போட வேற ஆளப் பாத்துக்கோ" என்றாள்.