பன்னித் திருவிழாவுக்கு ஒரு குழாய்

கடலூர் முதுநகரில் லேத்துப் பட்டறை வைத்திருக்கும் சவரிராயன் செய்த வேட்டுக் குழாய் என்றால் சுற்று வட்டாரத்தில் தனி மரியாதை. கோயில் கொடியேற்றமோ, மாதா தேர்பவனியோ, மருந்து கெட்டித்துத் திரியைப் பற்ற வைத்தால் தேவனாம்பட்டினத்து மீன்கள் பயந்துபோய்த் தாமாகவே வலைக்குள் வந்து உட்காரும். பாண்டிச்சேரியில் தூங்குகிறவன் எழுந்து பல் விளக்கிவிடுவான். நம்பாதவர்கள் மீன்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.

அப்பேர்ப்பட்டவரிடம் போன தை மாதம் காட்டுமன்னார்கோயிலிலிருந்து சுப்பிரமணியன் என்ற விவசாயி வந்தான்.

"வேட்டுக் குழா ஒண்ணு வேணும் மாமா. மூணடி நீளம். உள்ள பால்ரஸ் போட்டா சிக்காம ஓடணும்."

திருவிழாக் குழாய் ஒரு முழத்தைத் தாண்டாது. அதற்குள் இரும்புக் குண்டு உருள வேண்டிய அவசியமும் இல்லை. சவரிராயனுக்கு அப்போதே புரிந்துவிட்டது. புரியாதவர்போல் கேட்டார்.

"எந்தக் கோயிலுக்குப்பா?"

"நம்ம வயலுக்குத்தான். பன்னிக்குத் திருவிழா வச்சிருக்கேன்."

இருவரும் சிரித்தார்கள். துப்பாக்கி என்ற வார்த்தையை ஒருவரும் வாயிலெடுக்கவில்லை. வேட்டு என்றே பேசி, வேட்டு என்றே முடித்துக்கொண்டார்கள். போதாததற்கு, எல்லாக் குழாய்க்கும் போடுகிற பழக்கத்தில் அடிப்பக்கம் உளியால் ஒரு சிலுவையும் வெட்டிக் கொடுத்தார் சவரிராயன்.

பங்குனியில் போன் வந்தது. "மாமா, பொதருக்குள்ள அசைஞ்சுது. பன்னின்னு நெனச்சுட்டேன்."

பன்றியல்ல, லால்பேட்டை சுஹைப். ஆட்டுக்குத் தழை ஒடிக்க வந்தவன். தொடையில் ஏழு பால்ரஸ். சவூதிக்கு விசா வந்திருந்தவனை மெடிக்கலில் கழித்துவிட்டார்கள். சுட்டது யாரென்று போலீசுக்கு இன்றுவரை தெரியாது.

போன வாரம் ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்துக்கொண்டு போனார்கள். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியை மாதக் கடைசிக்குள் ஒப்படைத்தால், வைத்திருந்ததற்கு வழக்கு இல்லையாம். சவரிராயன் உடனே போனைப் போட்டார்.

"குடுத்துடு சுப்பிரமணி."

"குடுத்துட்டு? பன்னி வந்து நெல்ல மேயறப்ப இன்ஸ்பெக்டரா வந்து வெரட்டுவாரு? லைசென்ஸுக்கு மூணு வருஷமா அலையறேன் மாமா."

"ஒரு ஆளு நொண்டியாயிட்டாண்டா!"

"அதான் பயமே. குடுத்தா சுட்டது யாருன்னு தோண்டுவாங்க. செஞ்சது யாருன்னும் கேப்பாங்க. சிலுவைய வேற போட்டு வச்சிருக்கீங்க. ஏன் மாமா, கூடவே உங்க போட்டோவயும் ஒட்டிக் குடுத்திருக்கலாமே?"

போனை வைத்ததும் சவரிராயனுக்கு அப்பாடா என்றிருந்தது. அந்த அப்பாடாதான் அதற்குப் பிறகு அவரை ஒரு வாய் சோறு இறங்க விடவில்லை. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யலாமென்று மாதா கோயில் வாசல்வரை போனார். அவர் மன்னித்துவிடுவாரோ என்று பயந்து திரும்பிவிட்டார்.

மூன்றாம் நாள் சிதம்பரம் போய், அங்கிருந்து பஸ் மாறி லால்பேட்டையில் இறங்கினார். சுஹைபின் தாய் ஆசியா உம்மாள், யாரோ எவரோ என்று கேட்காமலே டீ கொடுத்தார். சுஹைப் வாக்கரைப் பிடித்தபடி வந்து உட்கார்ந்தான்.

"ஒன் கால்ல பட்டுதே தம்பி, அந்தத் துப்பாக்கிக் குழா... நான் செஞ்சது."

அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை.

சுஹைப் வாக்கரை ஓரமாக நகர்த்தி வைத்தான். "ஒங்க வேல சுத்தம்தான் பெரியவரே. ஏழுல ஒண்ணுகூட தப்பல."

ஆசியா உம்மாள் திட்டவில்லை. "இத மாதிரி எத்தன செஞ்சீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணுதாம்மா."

அந்த அம்மாள் கண்ணை எடுக்கவில்லை. சவரிராயன் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"நாலு."

"அப்ப மீதி மூணு இன்னும் எங்கியோ பொதரப் பாத்துக்கிட்டு இருக்கு," என்றார் ஆசியா உம்மாள். "சுஹைபு, போன எடு. இவுங்க ஸ்டேஷனுக்குப் போறதுக்குள்ள ஒண்ண மறந்துடப் போறாங்க. பேரு எழுதிக்க."

மறக்கவா? நான்கு பேரும் நான்கு ஊரும் அவர் நாக்கு நுனியிலேயே நின்றிருந்தன. சுஹைப் போனைத் திறந்துகொண்டு, "சொல்லுங்க" என்றான்.

"மொதல்ல," என்றார், "சவரிராயன்னு போட்டுக்க."