சொதியில் சென்டிமீட்டர் இல்லை

என்ன சாப்பிட்டீர்கள் என்று டாக்டர் எழுதித் தரச் சொன்னால், சாப்பிட்டதை எழுதுவீர்களா, வீட்டில் சமைத்ததை எழுதுவீர்களா? என் அம்மா சமைத்ததை எழுதினார்.

என் ஒன்பது வயதுத் தங்கச்சி பள்ளிக்கூடச் சுற்றுலாவில் ஒரு ஆட்டுக்குட்டியைத் தூக்கி வைத்திருந்துவிட்டு வந்து, இனி இறைச்சி, மீன், முட்டை எதுவும் வேண்டாம் என்று அறிவித்தாள். ஒரு வருடம் போனது. உயரத்தைக் குறித்துவரும் அவளுடைய வளர்ச்சிக் கோடு படுத்துவிட்டது என்றார் டாக்டர். ரத்தத்தில் கோளாறு இல்லை, ஒரு வாரச் சாப்பாட்டை எழுதி வாருங்கள் என்றார்.

அம்மா காரிலேயே தீர்ப்புச் சொன்னார். "டொக்டரிட்டை அடுத்த டெர்மினுக்குப் போறதுக்குள்ள வளரேல்லை எண்டால் மீன் தின்னோணும். சொல்லிப்போட்டன்."

தங்கச்சி என் பக்கம் திரும்பினாள். "அண்ணா, நீ இதைத்தானே படிக்கிறாய்? ஏதாவது செய்."

ஊட்டச்சத்துப் படிப்பில் நான் இரண்டாம் வருடம். பந்தாவுக்குக் குறைவில்லை.

டாக்டருக்காக அம்மாவின் தாளை ஜெர்மன் மொழியில் மாற்றி எழுத உட்கார்ந்தேன். பருப்பு, கடலை, கீரை, பயிற்றங்காய். மந்திரி வீட்டு விருந்து மாதிரி இருந்தது. சந்தேகம் வந்து, மத்தியானம் அவளுக்கு எதிரே உட்கார்ந்து பார்த்தேன். வெள்ளைச் சோறு, மேலே தேங்காய்ப்பால் சொதி, ஒரு துண்டு உருளைக்கிழங்கு. பருப்பு தட்டின் ஓரத்துக்குப் போனது. அங்கிருந்து, வழக்கம்போல, என் தட்டுக்கு வந்தது. ஒரு வருடமாக அவளுடைய பருப்பில் வளர்ந்தது என் வயிறு.

"அம்மா, இவள் சொதியிலதான் ஓடுறாள்."

"நான் பருப்பு வைக்கிறனான்."

"வைக்கிறீங்கள். தின்னுறது நான்."

"படிச்ச மாடு" என்றார் அம்மா.

மீனிலும் முட்டையிலும் உடம்பு வளரத் தேவையான அமினோ அமிலங்கள் எல்லாம் போதிய அளவில் ஒன்றாகவே வரும். சோற்றில் ஒன்று குறையும், பருப்பில் வேறொன்று குறையும். இரண்டையும் சேர்த்தால் ஒன்றை மற்றது சரிக்கட்டும். சொதியில் இருப்பது கொழுப்பும் ருசியும்தான். இதைச் சொன்னதும் அம்மா தாளைக் கிழித்தார். உண்மையை எழுதிக் கொடுத்தோம்.

அன்றிலிருந்து பருப்பைக் கடைந்து சொதிக்குள்ளேயே கரைத்தார். காலையில் உளுந்துத் தோசை, பின்னேரம் ஒரு கிண்ணம் தயிர்.

ஆறு மாதத்தில் மூன்று சென்டிமீட்டர். கோடு மறுபடி ஏறியது.

"அப்ப மீன்?" என்று தங்கச்சி கேட்டாள்.

"உன்ரை அண்ணன் தின்னட்டும்" என்றார் அம்மா.

இப்போது என் தட்டுக்குப் பருப்பும் வருவதில்லை, ஃப்ரிட்ஜில் எனக்கென்று வாங்கி வைத்த தயிரையும் தங்கச்சி விட்டுவைப்பதில்லை.